தீவுச் சாப்பாடு தேடுறீங்களா? சத்திரத்தில் 1-ம் நம்பர் பஸ் ஏறுங்க!

'தீவுக்கு டூர் போறோம், அங்கே என்னென்ன சாப்பிடலாம்?' என்று தேடினால் பாலி, மாலத்தீவு, பினாங்கு, இலங்கை என்று பட்டியல் வந்து விழும். திருச்சி விமான நிலையத்திலிருந்து கொழும்பு போய் இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டு வருவது நல்ல திட்டம்தான். ஆனால் பாஸ்போர்ட், விசா எதுவும் இல்லாமல் நகரப் பேருந்து டிக்கெட்டிலேயே போய்ச் சேரக்கூடிய ஒரு வெப்பமண்டலத் தீவு நம்மிடமே இருக்கிறது. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து சுமார் 5 கி.மீ. தொலைவு. பெயர், ஸ்ரீரங்கம்.

'அது கோயில் ஊர்தானே, தீவா?' என்று கேட்பவர்கள் திருச்சிக்காரர்களிலேயே உண்டு. பாலத்தைத் தாண்டும்போது ஜன்னல் வழியே காவிரியைப் பார்ப்போம். கடப்பது ஒரு ஆறு என்று தோன்றுமே தவிர, தீவுக்குள் நுழைகிறோம் என்று தோன்றாது. அந்தத் தீவில் என்ன சாப்பிடலாம், எப்போது கிடைக்கும், அதில் எது நிஜமாகவே பழையது, எது நேற்று வந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்ரீரங்கம் நிஜமாவே தீவுதானா?

ஆமாம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே ஓடும் கிளைக்குக் காவிரி என்றே பெயர். வடக்கே ஓடுவது கொள்ளிடம். இரண்டும் கிழக்கே கல்லணைக்குப் பக்கத்தில் மறுபடி நெருங்கி வருகின்றன. நடுவில் நீளமாகக் கிடக்கும் நிலம்தான் ஸ்ரீரங்கம் தீவு. ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், அதற்குக் கிழக்கே திருவளர்ச்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு போன்ற ஊர்கள் எல்லாம் இதற்குள் அடக்கம்.

இரு முனைகளிலும் அணைக்கட்டுகள். கிழக்கே கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லணை. மேற்கே 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை, அதாவது முக்கொம்பு. பாசனத்துக்கான தண்ணீர் காவிரியில் போகும். வெள்ளம் வந்தால் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவார்கள். அதனால்தான் ஆண்டின் பல மாதங்களில் தீவின் தெற்கே தண்ணீரும் வடக்கே வெறும் மணலுமாகக் காட்சி தருகிறது.

எப்படிப் போறது?

சத்திரம் பேருந்து நிலையத்தில் 1-ம் நம்பர் பேருந்து. சென்ட்ரலிலிருந்து சத்திரம் வழியாக ஸ்ரீரங்கம் போகும் வண்டி. ஒன்றை விட்டால் அடுத்தது பின்னாலேயே வந்துவிடும். சிந்தாமணி அண்ணா சிலையைத் தாண்டினால் காவிரிப் பாலம். 1976-ல் திறக்கப்பட்டது. அக்கரையில் இறங்கும் இடத்தின் பெயர் மாம்பழச்சாலை. ஒரு தீவின் நுழைவாயிலுக்கே பழத்தின் பெயர்! சீசனில் அங்கே வரிசையாக மாம்பழக் கடைகளைப் பார்க்கலாம்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொலைதூரப் பேருந்துகள் பல 2025 முதல் நகருக்கு வெளியே பஞ்சப்பூரில் உள்ள புதிய முனையத்தில் நிற்கின்றன. அங்கிருந்து நகரப் பேருந்தில் சத்திரம் வந்து, பிறகு தீவுக்குப் போகலாம்.

சத்திரம் என்ற சொல்லையும் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். வழிப்போக்கர்கள் தங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகும் இடத்துக்குத்தான் சத்திரம் என்று பெயர். சாப்பாட்டுப் பயணம் தொடங்க இதைவிடப் பொருத்தமான பேருந்து நிலையம் கிடைக்குமா?

கடல் தீவுச் சாப்பாடுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

கடல் தீவு என்றால் மீன், தேங்காய், மரவள்ளி. ஆற்றுத் தீவின் கதை வேறு. வண்டல் மண்ணில் நெல், வாழை, கரும்பு விளையும். புல் நன்றாக வளரும், மாடு பால் தரும். அரிசி, வெல்லம், பால், நெய், வாழை: இந்தத் தீவின் பழைய சமையலை இந்த ஐந்து சாமான்களை வைத்தே ஏறக்குறைய விளக்கிவிடலாம்.

இரண்டாவது காரணம் மடைப்பள்ளி. கோயில் சமையலறைக்கு அதுதான் பெயர். அரங்கநாதர் கோயில் 156 ஏக்கர், ஏழு பிராகாரம், 21 கோபுரம் என்ற கணக்கெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அந்த வளாகத்தில் ஒவ்வொரு வேளைக்கும் உணவு சமைக்கப்படுகிறது என்பதை அவ்வளவாக யாரும் யோசிப்பதில்லை. பெருமாளுக்கான தளிகை தினமும் புது மண்பானையில் ஆகிறது. வெங்காயம், பூண்டு கிடையாது. போர்ச்சுகீசியர் வரவுக்குப் பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்கு வந்த தக்காளி, உருளைக்கிழங்கு போன்றவற்றைப் பழைமை பேணும் மடைப்பள்ளிகள் இன்றும் தள்ளியே வைத்திருக்கின்றன. காரத்துக்கு மிளகு, புளிப்புக்குப் புளி, இனிப்புக்கு வெல்லம். 500 ஆண்டுகளுக்கு முன்பு தமிழர்கள் என்ன ருசியில் சாப்பிட்டிருப்பார்கள் என்று ஊகிக்க வேண்டுமானால், இது மாதிரியான சமையலறைதான் கிட்டத்தட்ட ஒரே வழி.

சரி, என்னென்ன சாப்பிடணும்?

1. அக்காரவடிசல்

'சர்க்கரைப் பொங்கல்தானே' என்று ஸ்ரீரங்கத்தில் சொல்லிவிடாதீர்கள். சர்க்கரைப் பொங்கலில் அரிசியும் பருப்பும் தண்ணீரில் வேகும். அக்காரவடிசலில் அரிசி பாலில் வேகும். பால் சுண்டச் சுண்ட இன்னும் பால் ஊற்றி, குழைந்த பிறகு வெல்லமும் நெய்யும் சேர்ப்பார்கள். கரண்டியிலிருந்து வழிகிற பதம்.

இதற்கென்றே ஒரு நாள் உண்டு. மார்கழி 27, கூடாரவல்லி. ஜனவரி 11-ஐ ஒட்டி வரும். திருப்பாவையின் 27-ம் பாசுரத்தில் ஆண்டாள் நெய் பெருகும் பால்சோற்றைப் பாடியிருப்பதால் அன்று வைணவ வீடுகள் எல்லாவற்றிலும் அக்காரவடிசல்தான். மாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசலும் தருவதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டதாகவும், பிற்காலத்தில் ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ராமானுஜர் அந்த நேர்த்தியை நிறைவேற்றியதாகவும் வைணவ மரபு சொல்கிறது. ஒரு பெண்ணின் வேண்டுதலை, அவர் காலத்துக்கு வெகுகாலம் கழித்து வந்த ஒருவர் கடனாக ஏற்றுத் தீர்த்த கதை அது.

2. அரவணை, செல்வரப்பம்

அரவணை என்றதும் பலருக்குச் சபரிமலை டின்தான் நினைவுக்கு வரும். அரவு என்றால் பாம்பு, அணை என்றால் படுக்கை. பாம்பணையில் பள்ளிகொண்டவரின் ஊரில், இரவு நடை சாத்துவதற்கு முன் படைக்கும் நிவேதனம் இது. அரிசி, வெல்லம், நெய். அவ்வளவுதான் சாமான். ஆனால் நெய் தாராளம். இரவு வரை காத்திருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும் என்பதால் உள்ளூர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பெருமை. இரவு நேரத்துக்குரிய இன்னொரு பெயர் செல்வரப்பம். வேறு ஊரில் அதிகம் கேள்விப்படாத பெயர். கிடைத்தால் விட்டுடாதீங்க.

3. புளியோதரையும் தயிர்சாதமும்

கோயில் புளியோதரையின் ரகசியம் புளிக்காய்ச்சல், நல்லெண்ணெய், நேரம். கலந்த உடனே சாப்பிடுவதைவிடச் சில மணி நேரம் ஊறிய பிறகு சாப்பிட்டால்தான் ருசி. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் நடந்து வந்த யாத்ரீகர்களுக்குக் கெட்டுப்போகாத கட்டுச்சோறாக இருந்தது இதுதான். புளி, உப்பு, எண்ணெய் மூன்றும் சேர்ந்து சோற்றைக் காக்கும். மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏற இன்றைக்கும் இதுதான் முதல் சாய்ஸ்.

4. பெருமாளுக்கு ரொட்டி

இந்தப் பட்டியலிலேயே ஆச்சரியமான உணவு இதுதான். சோற்று நாட்டின் நடுவில் இருக்கும் ஒரு கோயிலில் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் நிவேதனம். காரணமாகச் சொல்லப்படுவது துலுக்க நாச்சியார் கதை. படையெடுப்புக் காலத்தில் உற்சவர் சிலை டெல்லிக்குக் கொண்டுபோகப்பட்டதாகவும், அங்கே சுல்தானின் மகள் அதன்மீது பேரன்பு கொண்டு, சிலை திரும்பி வந்தபோது பின்தொடர்ந்து ஸ்ரீரங்கம் வந்து உயிர் நீத்ததாகவும் ஐதீகம். அவளுக்குக் கோயிலுக்குள்ளேயே ஒரு சந்நிதி. சிலையாக இல்லாமல் ஓவியமாக இருக்கிறாள். அவள் வீட்டு உணவு என்பதால் ரொட்டி. சில நாட்களில் நம்பெருமாள் கைலி உடுத்துவதும் அவளுக்காகத்தான் என்பார்கள்.

இது வரலாறா, கதையா என்று ஆய்வாளர்கள் விவாதிக்கட்டும். வேற்று மதத்துப் பெண் ஒருத்திக்காக ஒரு கோயில் தன் மெனுவை மாற்றிக்கொண்டது, மாற்றியதை இன்றுவரை கைவிடவில்லை என்பது கண்ணுக்குத் தெரிகிற உண்மை.

5. பழைய சோறும் மாவடுவும்

தீவுக்கு நேர் எதிரே, காவிரியின் தென்கரையில் மேற்கே இருக்கிறது ஜீயபுரம். அங்கே வாழ்ந்த ஒரு பாட்டியின் பேரன் பெயர் ரங்கன். ஆற்றுக்குப் போனவன் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டான். பாட்டி தவித்துக் காத்திருந்தபோது, பேரன் உருவில் அரங்கநாதரே வந்து அவள் வைத்திருந்த பழைய சோற்றையும் மாவடுவையும் சாப்பிட்டாராம். பங்குனித் திருவிழாவில் நம்பெருமாள் ஜீயபுரத்துக்கு எழுந்தருளும்போது அந்த உணவைப் படைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

நெய்யும் பாலும் வழியும் மடைப்பள்ளிக்குச் சொந்தக்காரர், வருடத்தில் ஒரு நாள் ஏழைப் பாட்டியின் கஞ்சிப் பானையைத் தேடிப் போகிறார். இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே மாவடு கடிக்காத ஸ்ரீரங்கத்துப் பாட்டிகள் குறைவு. பிஞ்சு மாங்காய் வரத்து பங்குனியை ஒட்டித்தான் என்பதால் கதையும் சீசனும் ஒன்றாகவே வருகின்றன.

6. காப்பரிசியும் சித்ரான்னமும்

ஆடி 18. அம்மா மண்டபம் படித்துறை. புதுத் தண்ணீர் வரும் காவிரியை மசக்கைக்காரப் பெண்ணாக நினைத்து வழிபடும் நாள். பச்சரிசியை ஊறவைத்து வெல்லம், எள், தேங்காய் கலந்தால் காப்பரிசி. அடுப்பே வேண்டாம். அதை ஆற்றுக்குப் படைத்துவிட்டு, புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று வகை வகையாகக் கலந்த சாதத்தைக் கரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இதை எந்த ஹோட்டலிலும் ஆர்டர் பண்ண முடியாது. யாராவது ஒரு குடும்பம் 'வாங்க, ஒரு வாய் சாப்பிடுங்க' என்று கூப்பிடும். தயங்காதீங்க, உட்காருங்க.

7. துள்ளுமாவு, பானகம், நீர்மோர்

சத்திரத்திலிருந்து சமயபுரம் பேருந்து ஏறி, தீவைக் கடந்து கொள்ளிடத்தின் வடகரைக்குப் போனால் மாரியம்மன். மாசி கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாட்கள் பக்தர்களுக்காக அம்மனே விரதம் இருக்கிறாள். பச்சைப் பட்டினி விரதம் என்று பெயர். அந்த நாட்களில் சமைத்த நிவேதனம் கிடையாது. பச்சரிசி மாவும் வெல்லமும் கலந்த துள்ளுமாவு, பானகம், நீர்மோர், இளநீர், பழங்கள் மட்டும்தான். வெயில் ஏறும் பங்குனியில் உடம்புக்கு எது தேவையோ அதுவே சாமிக்கும் மெனு. பாட்டில் கூல்டிரிங்ஸுக்குப் பதில் வெல்லமும் எலுமிச்சையும் சுக்கும் கலந்த பானகம் குடித்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

8. நெய் ரோஸ்ட், டிகிரி காபி

திருவானைக்காவலில் 1943 முதல் நடக்கும் பார்த்தசாரதி விலாஸ் நெய் ரோஸ்ட்டுக்காகவே வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஓட்டுக் கட்டடம், பழைய மேஜைகள், சின்ன மெனு. முறுகலான தோசையில் நெய்தான் ஹீரோ. காலையில் போவது நல்லது, கூட்டம் சேர்ந்துவிடும்.

கூடவே பித்தளை டபராவில் டிகிரி காபி. 'பாரம்பரிய காபி' என்று போர்டு இருக்கும். ஆனால் கணக்குப் போட்டால் காபி இந்த ஊருக்குப் புதுசு. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்துதான் தமிழ் வீடுகளுக்குள் அது பரவியது. ஆ.இரா.வேங்கடாசலபதி எழுதிய ஆய்வு நூலின் தலைப்பே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்பதுதான். அதற்கு முன் காலையில் நீராகாரம் குடித்தவர்கள்தான் நம் முன்னோர்கள். இதைப் படித்ததால் காபியின் ருசி குறைந்துவிடாது. தாராளமாக இன்னொன்று சொல்லுங்க.

9. வாழையும் இமாம்பசந்தும்

திருவானைக்காவலிலிருந்து கல்லணை போகும் சாலையில் இருபுறமும் வாழைத் தோட்டம். பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, நேந்திரன் என்று ரகங்கள் பல. மத்திய அரசு 1993-ல் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தைத் திருச்சியில் தொடங்கியது சும்மா இல்லை. ஒரே ஒரு பழம் சாப்பிடுவதாக இருந்தால் ரஸ்தாளி. தோல் மெல்லிசு, சீக்கிரம் கனிந்துவிடும், தூரத்துக்கு அனுப்பத் தாங்காது. அதனால் சூப்பர் மார்க்கெட்டில் பார்ப்பது குறைவு. விளைகிற இடத்தில் சாப்பிடுவதற்கென்றே இருக்கும் பழம்.

மே, ஜூன் மாதங்களில் வந்தால் இமாம்பசந்து மாம்பழம். திருச்சி வட்டாரத்தின் செல்லப் பழம். விலையைக் கேட்டால் தலை சுற்றும், சாப்பிட்டால் விலை மறந்துவிடும்.

10. ஆற்று மீன்

'சைவம் மட்டும்தானா?' என்று கேட்பவர்கள் கிழக்கு முனைக்குப் போகலாம். கல்லணைப் பக்கம் ஆற்று மீனை மசாலா தடவிச் சுடச்சுட வறுத்துத் தருவார்கள். கெண்டை, கெளுத்தி, விரால் நம் ஆற்றுக்குப் பழைய உறவு. கூடவே விற்கும் ஜிலேபி மீன் ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டது, 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தீவின் நடுவில் தயிர்சாதம், முனையில் மீன் வறுவல். இரண்டும் இந்த ஆற்றின் சாப்பாடுதான். ஒன்று மட்டும்தான் 'ஒரிஜினல்' என்று சொல்வது ஆற்றில் வலை போட்டுப் பிழைத்தவர்களைக் கணக்கிலிருந்து விடுவதாகும்.

இலைக்கு முன்னால உட்கார்ந்தா இந்தச் சொற்கள் தெரிஞ்சிருக்கணும்

ஸ்ரீரங்கத்து வைணவ வீட்டில் சாப்பிடும் வாய்ப்புக் கிடைத்தால் மெனு வேறு மொழி மாதிரி இருக்கும். பயப்படாதீங்க, எல்லாம் தமிழ்தான்.

* தளிகை: சமையல்
* சாற்றமுது: ரசம். பேச்சில் 'சாத்துமது'
* கறியமுது: பொரியல். பேச்சில் 'கரமது'
* நெகிழ்கறியமுது: கூட்டு
* திருக்கண்ணமுது: பாயசம்

தளிகையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் 'அமுது' ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள். உணவைச் சாமிக்குக் காட்டிவிட்டுத்தான் சாப்பிடுவது என்ற வழக்கம் சொல்லிலேயே பதிந்துவிட்டது. வைகுண்ட ஏகாதசி விரதம் முடிந்து மறுநாள் துவாதசி என்றால் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் கட்டாயம். பட்டினி கிடந்த வயிற்றுக்கு ஏற்றவை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

எப்போ போனா எது கிடைக்கும்?

* மார்கழி (டிசம்பர்-ஜனவரி): அக்காரவடிசல், துவாதசிச் சமையல். கூட்டம் உச்சம்.
* மாசி-பங்குனி (மார்ச்-ஏப்ரல்): மாவடு, சமயபுரத்தில் துள்ளுமாவு, பானகம்.
* சித்திரை-வைகாசி (மே, ஜூன் முதல் வாரங்கள்): மாம்பழம், நுங்கு, நீர்மோர்ப் பந்தல்.
* ஆனி (ஜூன்-ஜூலை): ஜேஷ்டாபிஷேகத்துக்கு மறுநாள் பெரிய திருப்பாவாடை. சோற்றைக் குவித்து, நெய்யோடு மா, பலா, தேங்காய் சேர்த்துப் படைத்து பக்தர்களுக்குத் தரும் நாள்.
* ஆடி (ஜூலை-ஆகஸ்ட்): காப்பரிசி, சித்ரான்னம்.

இந்தக் கணக்கில் சேராத நாளில் வந்தாலும் பசியோடு திரும்ப வேண்டியதில்லை. கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் வழங்கும் திட்டம் 2012 முதல் நடக்கிறது. சாதி, ஊர், சம்பளம் எதையும் யாரும் கேட்பதில்லை. வரிசையில் நின்றால் இலை போடுவார்கள்.

ஒரு நாள்தான் இருக்கு, எப்படிப் பிளான் பண்றது?

காலை 7 மணிக்குச் சத்திரம். முதலில் திருவானைக்காவல்: நெய் ரோஸ்ட், காபி. ஜம்புகேஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டு ஸ்ரீரங்கம். மதியம் அன்னதானமோ, சித்திரை வீதி, உத்தர வீதிப் பக்கம் சின்ன மெஸ்ஸில் வாழையிலைச் சாப்பாடோ. வெயில் தணிந்ததும் அம்மா மண்டபத்தில் ஆற்றங்கரை. நேரம் இருந்தால் கல்லணை வரை போய் மீன், வழியில் ரஸ்தாளி ஒரு சீப்பு. இரவு திரும்ப ஸ்ரீரங்கம், கிடைத்தால் அரவணை.

சத்திரத்தில் இறங்கி ஊருக்குப் போகும்போது கையில் மணப்பாறை முறுக்கு. இது தீவு உணவு இல்லை. தென்மேற்கே சுமார் 40 கி.மீ. தள்ளி, ஆற்றுப் பாசனம் எட்டாத வறண்ட மண்ணில் பிறந்தது. அந்த ஊர்த் தண்ணீரின் உப்புச் சுவைதான் முறுக்கின் ருசிக்குக் காரணம் என்பார்கள். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. நல்ல தண்ணீர் உள்ள ஊர் பாயசம் செய்தது, உப்புத் தண்ணீர் ஊர் முறுக்கு சுட்டது. அவ்வளவுதான் விஷயம்.

எதையெல்லாம் கவனிக்கணும்?

'பிரசாதம்' என்ற போர்டு இருப்பதால் எல்லாமே சந்நிதியில் படைத்தது ஆகிவிடாது. விற்பனைக்காகவே செய்யப்படுவதும் உண்டு. சந்தேகம் இருந்தால் கேளுங்கள், சொல்வார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அரவணை, அக்காரவடிசல் விஷயத்தில் ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பக்தி ரத்தச் சர்க்கரையைக் குறைக்காது. தயிர்சாதமும் தேங்காய்ச் சாதமும் வெயிலில் சீக்கிரம் கெடும், மதியத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

முக்கியமாக, படித்துறையில் சாப்பிட்டுவிட்டு கவர், கப், தட்டு எதையும் ஆற்றில் போடாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. இருந்தும் ஆடி 19 அன்று காலை அம்மா மண்டபத்தைப் பார்த்தால் தடை எங்கே போனது என்று கேட்கத் தோன்றும். வாழையிலையும் தொன்னையும் இந்தத் தீவிலேயே கிடைக்கும்போது பிளாஸ்டிக் எதற்கு?

இந்தச் சாப்பாடு எவ்வளவு நாளைக்கு?

ஒரு உணவு மறைவதற்கு அதன் செய்முறையை மக்கள் மறக்க வேண்டியதில்லை. செய்முறை யூடியூபில் பத்திரமாக இருக்கும். பின்னால் இருக்கும் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும். தினமும் புதுப் பானை வேண்டும் என்றால் தினமும் சக்கரம் சுற்றும் குயவர் வேண்டும், அவருக்குக் களிமண் வேண்டும். வாழையிலைக்குத் தோட்டம் வேண்டும். ரஸ்தாளி வாங்க ஆள் வேண்டும், இல்லையென்றால் விவசாயி தூரத்துக்கு லாரி ஏறும் ரகத்துக்கு மாறிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

எல்லாவற்றுக்கும் அடியில் ஆறு. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். திறந்தால் ஆடி 18-க்குள் அம்மா மண்டபத்தில் தண்ணீர் ஓடும். திறக்க முடியாத ஆண்டுகளில் மக்கள் ஷவரில் குளித்துவிட்டு, மணலைப் பார்த்துக் காப்பரிசி படைத்த காட்சியும் திருச்சிக்குப் புதிது இல்லை. படையல் நடக்கும், ஆறு இருக்காது.

இரண்டு பக்கமும் தண்ணீர் இருந்தால்தான் அது தீவு. அடுத்த முறை 1-ம் நம்பர் பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது போனிலிருந்து தலையை நிமிர்த்தி ஜன்னலுக்கு வெளியே ஒரு பார்வை பாருங்கள். கீழே தண்ணீர் ஓடுகிறதா என்று தெரிந்துகொண்டால், அக்கரையில் இந்த வருஷம் இலையில் என்ன விழும் என்பதும் பாதி தெரிந்துவிடும்.